ஸ்ட்ராத்நேவர், 1814: முறைப்படி நோட்டீஸ் கொடுத்து இடித்த வீடுகள்

1814 ஜூன் 13. ஸ்காட்லாந்தின் வடகோடியில் சதர்லாந்து மாவட்டம், அங்கே நேவர் என்ற ஆறு ஓடும் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு, அதன் ஓரத்தில் பாடின்லோஸ்கின் என்ற இடத்தில் தனியாக ஒரு வீடு. பாத்திரம் அடைத்துப் பிழைக்கும் வில்லியம் சிஷோம் என்பவர் குடும்பத்தோடு அதில் இருந்தார். உள்ளே படுக்கையில் அவருடைய மாமியார் மார்கரெட் மக்கை, வயது கிட்டத்தட்ட நூறு, எழுந்து நடக்க முடியாதவர். எஸ்டேட் காரியஸ்தர் பேட்ரிக் செல்லர் ஆட்களோடு வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார், வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. கிழவியைப் போர்வையோடு தூக்கி வந்து பக்கத்தில் இருந்த சின்னக் கொட்டிலில் போட்டார்கள். ஐந்து நாளில் அவர் இறந்துபோனார்.

இது வரைக்கும் பெரிய தகராறு இல்லை. தீ வைத்தபோது கிழவி உள்ளே இருந்தாரா, செல்லருக்கு அது தெரியுமா, அவர் வாயிலிருந்து என்ன வார்த்தை வந்தது என்பதில்தான் சண்டை. "கிழவி ரொம்ப நாள் வாழ்ந்துவிட்டாள், எரியட்டும்" என்று அவர் சொன்னதாக ஊரார் சொன்னார்கள், அவர் கடைசிவரை மறுத்தார். ஆட்டுப் பண்ணைக்காக ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் குடிகளை விரட்டிய ஹைலேண்ட்ஸ் வெளியேற்றம் பற்றி யார் பேசினாலும் இந்த வார்த்தையில்தான் போய் நிற்கிறார்கள். நான் இந்த வழக்கை எடுத்ததற்குக் காரணம் வேறு. அந்த வார்த்தையை அவர் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அந்தப் பள்ளத்தாக்கில் நடந்ததில் ஒன்றுகூட மாறியிருக்காது. அந்த மக்களை வெளியேற்ற ஒரு கொடியவன் தேவைப்படவே இல்லை, கையில் இருந்த சட்டமே போதுமானதாக இருந்தது. அதைத்தான் விளக்கப் பார்க்கிறேன்.

முதலில் நிலம் எப்படி இருந்தது என்று பார்ப்போம். ஆற்றோரத்தில் சிறுசிறு ஊர்கள். ரோசல் என்ற ஊரில் 13 குடும்பங்கள், மற்றவையும் ஏறத்தாழ அதே மாதிரிதான். நல்ல நிலம், மட்டமான நிலம் இரண்டும் எல்லோருக்கும் கிடைக்கும்படி துண்டு துண்டாகப் பங்கிட்டு ஓட்ஸும் பார்லியும் போடுவார்கள், பின்னால் உருளைக்கிழங்கும் சேர்ந்தது. கையில் காசு வருவது கறுப்பு மாடு விற்றால்தான். கோடையில் மாட்டை மலைக்கு ஓட்டிப்போய்க் குடிசை போட்டுத் தங்கி மேய்ப்பார்கள், குளிரில் மனிதரும் மாடும் ஒரே கூரையின் கீழ். சுவர் கல்லும் புல்மண்ணும். அதற்கு மேல் வரும் மரச்சட்டம்தான் வீட்டின் சொத்து, ஏனென்றால் அந்தப் பக்கத்தில் மரமே அரிது, சதுப்பு நிலத்துக்குள் புதைந்து கிடக்கும் பழைய மரத்தைத் தோண்டி எடுத்துக் கூரை போட்டவர்கள் உண்டு. ஒருவர் வீடு மாறினால் சட்டத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது வழக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நிலம் யாருடையது? இந்தக் கேள்விக்கு அங்கே இரண்டு பதில் இருந்தது. பரம்பரையாக ஒரு மண்ணில் வாழ்ந்து, குலத்தலைவருக்காகச் சண்டைக்குப் போய் வந்த குடும்பத்துக்கு அந்த மண்ணில் இருக்க உரிமை உண்டு, இதை அவர்கள் பேசும் கேலிக் மொழியில் டூகஸ் என்பார்கள். தலைவர் நிலத்தின் முதலாளி அல்ல, காவலர். இது மக்களின் பதில். ஏட்டில் இருந்தது வேறு: நிலம் முழுக்கத் தலைவர் பெயரில், மக்கள் எல்லாம் வருடக் குத்தகைக்காரர்கள், பலருக்கு எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. தலைவருக்கு ஆள் பலம் தேவைப்பட்ட வரைக்கும் இந்த இரண்டு பதிலும் மோதிக்கொள்ளவில்லை. 1746இல் குலடன் போரில் அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் பக்கம் நின்றவர்கள் தோற்ற பிறகு தலைவர்களின் நீதிமன்ற அதிகாரத்தை நாடாளுமன்றம் பறித்தது, ஆள் படைக்கு வேலை போயிற்று. மிஞ்சியது ஏடு மட்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பலர் இதைத் தவறாக எழுதுகிறார்கள். வெளியேற்றம் என்பது குலடனுக்கு இங்கிலாந்து கொடுத்த தண்டனை என்பார்கள். சதர்லாந்துக்கு அது பொருந்தாது. குலடனில் முடிந்த அந்த 1745 கலகத்தில் சதர்லாந்து பிரபுவும் பக்கத்து மக்கை குலமும் அரசாங்கத்தின் பக்கம் நின்றவர்கள். வெளியேற்றியவர்களிலும் பெரும்பாலானோர் ஸ்காட்லாந்துக்காரர்களே. எஸ்டேட்டின் உரிமையாளர் எலிசபெத் சீமாட்டி, அந்த மக்களின் பரம்பரைத் தலைவி, பிறந்த அடுத்த வருடமே பெற்றோரை இழந்து பட்டத்துக்கு வந்தவர். செல்லர் எல்ஜின் ஊர்க்காரர், எடின்பரோவில் சட்டம் படித்தவர். அவருக்கு மேல் இருந்த வில்லியம் யங்கும், பிறகு வந்த ஜேம்ஸ் லாக்கும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். எலிசபெத்தின் கணவர் மட்டும் இங்கிலாந்துக்காரர், பின்னாளில் ஸ்டாஃபோர்ட் பிரபு. பணம் அவரிடமிருந்து வந்தது.

அந்தப் பணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்குத் தீவுகளில் மக்களை விரட்டிய நிலக்கிழார்கள் பலர் கடனில் மூழ்கியவர்கள். கடற்பாசியை எரித்து எடுக்கும் சாம்பலுக்கு நெப்போலியன் போர்க்காலத்தில் நல்ல விலை, போர் முடிந்து விலை விழுந்ததும் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. சதர்லாந்து அப்படி அல்ல. 1803இல் கணவருக்குத் தந்தையின் சொத்தும் வந்தது, பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் வருமானமும் வந்தது, பிரிட்டனின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர் ஆகிவிட்டார். இவர்கள் பணமில்லாமல் விரட்டவில்லை. சாலை, பாலம், துறைமுகம், புதிய ஊர் என்று கொட்டிச் செலவழிக்கப் பணம் இருந்ததால் ஒரு மாவட்டத்தையே புதிதாக வரைந்து பார்த்தார்கள். வரைபடத்தில் அழகாகத்தான் இருந்தது: பள்ளத்தாக்கு ஆட்டுக்கு, கடற்கரை மனிதருக்கு.

ஏன் ஆடு என்றால், துணி ஆலைகள் பெருகி கம்பளிக்கு விலை ஏறியது, தெற்கிலிருந்து வந்த செவியட் இனச் செம்மறி நல்ல கம்பளி தந்தது, ஒரு பெரிய ஆட்டுப் பண்ணைக்காரர் கொடுக்கும் குத்தகை ஊர் முழுவதும் சேர்ந்து கொடுப்பதைவிட அதிகம். சரி, மலையில் ஆடு மேயட்டும், கீழே மக்கள் இருக்கட்டும் என்று விட்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. கோடையில் மலை போதும், குளிரில் ஆடு உயிர் பிழைக்க ஆற்றோரத்துப் பச்சைப் புல் வேண்டும். அந்தப் பச்சை நிலத்தில்தான் ஊர்கள் இருந்தன, தலைமுறை தலைமுறையாக எரு போட்டு அதைப் பச்சையாக்கியதே அந்த ஊர்கள்தான்.

இனி 1814க்கு வருவோம். 1813 டிசம்பரில் கோல்ஸ்பியில் குத்தகை ஏலம் நடந்தது. ஸ்ட்ராத்நேவரின் கிழக்குப் பக்கத்தில் பெரிய பண்ணையை எடுத்தவர் செல்லரே. எஸ்டேட்டுக்காக ஏல நிலத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டிய அதிகாரியும் அவர்தான், காலியான நிலத்தில் ஆடு விட வேண்டிய குத்தகைக்காரரும் அவர்தான். ஒரு நாள் தாமதம் ஆனாலும் நஷ்டம் அவருடைய சொந்தப் பைக்கு. இந்த ஒரு விஷயத்தை மட்டும் சீமாட்டி தடுத்திருந்தால் ஜூனில் நடந்தது கொஞ்சமாவது மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். எஸ்டேட் நிர்வாகத்தில் யாருக்கும் அது தவறாகவே படவில்லை.

நோட்டீஸ் முறைப்படி போனது. குத்தகை வருடம் முடியும் மே மாதப் பெந்தெகொஸ்தே கெடுவுக்கு 40 நாள் முன்னால் அறிவிப்பு என்பது பழைய சட்டம், அதற்கு வெகு முன்னாலேயே கொடுத்துவிட்டார்கள். மார்ச் மாதம் ஆட்டுக்கு இளம்புல் வரட்டும் என்று மலைப் புதரை எரித்தார்கள், குளிர் கடந்து மெலிந்து கிடந்த ஊர் மாடுகளுக்கு அந்த வசந்தத்தில் மேய்ச்சல் இல்லாமல் போனது. கடற்கரையில் மக்களுக்கு ஒதுக்குவதாகச் சொன்ன மனைகளை யங் அளந்து முடிக்கவில்லை. வெளியேற வேண்டிய நாள் வந்துவிட்டது, போக வேண்டிய இடம் தயாராக இல்லை. அவகாசம் கேட்டவர்களுக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை.

அப்புறம் அந்த மரச்சட்டம். மக்கள் காலி செய்துவிட்டு இரவில் திரும்பி வந்து கூரை போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் வீடுகளை இடித்தார்கள், மரத்தைக் கொளுத்தினார்கள். தானியக் கொட்டகைகளும் போயின. வெளியேறும் குத்தகைக்காரர் தன் கடைசி விளைச்சலை அறுத்து அடித்து முடிக்கும்வரை கொட்டகை அவர் கையில் இருக்கும் என்பது வழக்கம், வயலில் பயிர் நிற்க, அடிக்க இடமில்லை. எனக்கு இந்த வழக்கிலேயே மிகவும் கசப்பானது கொட்டகைதான். தீயின் படத்தைப் போல அது யார் மனதிலும் நிற்பதில்லை, ஆனால் அந்த வருடம் அந்தக் குடும்பங்கள் சாப்பிட வேண்டிய சாப்பாடு அதில்தான் தேங்கியது.

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஜூலையில் சீமாட்டிக்கு மனு எழுதினார்கள், சட்டப்படி போவதைத் தான் தடுக்கவில்லை என்று பதில் வந்தது. மாவட்ட நீதிபதியான ஷெரிஃப் கிரான்ஸ்டனிடம் போனார்கள். விசாரணை அவருக்குக் கீழே இருந்த ராபர்ட் மக்கிட் கைக்கு வந்தது. மக்கிட் ஊர் ஊராகச் சாட்சியம் எழுதினார், 1815 மே மாதம் செல்லரைக் கைது செய்தே விட்டார். எத்தனையோ வெளியேற்றங்கள் நடந்த அந்தக் காலத்தில் ஒரு காரியஸ்தர் சிறைக்குள் போனது பெரிய சேதி. ஆனால் மக்கிட்டிடமும் ஒரு குறை இருந்தது: எஸ்டேட் நிலத்தில் திருட்டு வேட்டை ஆடியதாக அவரைச் செல்லர் முன்பே பிடித்திருந்தார். பழைய பகைக்காக இட்டுக்கட்டிய வழக்கு என்று வாதாட இது எதிர்த்தரப்புக்குப் போதுமாக இருந்தது. ஒரு நியாயமான வழக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவரின் கை சுத்தமாக இல்லாவிட்டால் வழக்கே சாகும், இங்கே அதுதான் நடந்தது.

1816 ஏப்ரல் 23, இன்வர்னஸ். மரணம் விளைவித்தது, தீ வைத்தது உள்ளிட்ட குற்றச்சாட்டுகள், பிட்மில்லி பிரபு நீதிபதி. பதினைந்து பேர் நடுவர் குழுவில் பெரும்பாலானோர் நிலம் உடையவர்கள் அல்லது நிலம் உடையவர்களை நம்பித் தொழில் செய்தவர்கள். குத்தகைச் சாட்சிகள் கேலிக்கில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். காலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டி முடிந்தது. நீதிபதி தன் தொகுப்புரையில் சிஷோம் வீட்டு விஷயத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றார், அதிலும் முரண்படும் சாட்சியத்தோடு செல்லரின் நற்பெயரையும் சேர்த்து எடைபோடச் சொன்னார். நடுவர்கள் கால்மணி நேரம் பேசினார்கள். ஒருமனதாக விடுதலை.

வழக்கிலிருந்து கொட்டகை போயிற்று, மேய்ச்சல் போயிற்று, மனை தயாராகாதது போயிற்று. நீதிமன்றத்தின் முன் நின்றது ஒரே ஒரு கிழவியின் மரணம் மட்டும், அதிலும் அவருடைய மருமகன் வாடகை கட்டாமல் குடியிருந்தவர், ஒழுக்கமில்லாதவர் என்று பேசப்பட்டவர். அந்தப் பள்ளத்தாக்கில் தலைமுறையாக வாழ்ந்தவர்களை விரட்ட ஒருவருக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அந்தச் சட்டத்தில் அதற்கு ஒரே பதில்தான். டூகஸ் எந்த ஏட்டிலும் இல்லை. மக்கிட் வேலையை இழந்தார், 1817இல் செல்லருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி இழப்பீடும் கொடுத்தார். செல்லர் காரியஸ்தர் பதவியை விட்ட பிறகும் ஸ்ட்ராத்நேவர் பண்ணையில் ஆடு வளர்த்துச் செழித்தார், மேற்கே மோர்வெர்னில் சொந்த நிலம் வாங்கினார், அங்கேயும் குடிகளை வெளியேற்றினார், 1851இல் இறந்தார்.

செல்லர் எழுதியவற்றைப் படித்தால் அவர் தன்னைக் கொடியவராக நினைக்கவே இல்லை என்பது தெரியும். ஐரோப்பாவின் படித்த நாடுகளுக்கு முன்னால் இந்த மக்களின் நிலை, அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு முன்னால் அங்கிருந்த பூர்வகுடிகளின் நிலையைப் போன்றது என்று எழுதினார். கேலிக் பேசுவதே பின்தங்கியதற்கு அடையாளம் என்று நம்பினார். அவர்களைக் கடற்கரைக்குத் தள்ளுவது அவர்களுக்கே நல்லது என்று மனதார நம்பிய மனிதர். எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது, வெறுப்போடு செய்தவனுக்கு ஒரு நாள் மனசாட்சி உறுத்தலாம், நன்மை செய்கிறேன் என்று செய்தவனுக்கு உறுத்த இடமே இல்லை.

கடற்கரையில் என்ன கிடைத்தது? இரண்டு மூன்று ஏக்கர் மனை, கல்லும் சதுப்புமாக. குடும்பம் அதை வைத்துப் பிழைக்க முடியாதபடி சிறியதாக வைத்ததே திட்டத்தின் பகுதி, அப்போதுதான் மீன்பிடிக்கவோ கூலிக்கோ போவார்கள். மாடு மேய்த்தவர்கள் படகு ஏறக் கற்றுக்கொள்ள வேண்டும், வடக்குக் கடற்கரையில், சரியான துறைமுகம் இல்லாத இடங்களில். ஸ்ட்ராத்நேவர் முகத்துவாரத்தில் எழுந்த ஊருக்கு எலிசபெத் சீமாட்டியின் செல்லப் பெயரால் பெட்டிஹில் என்று பெயர். நியாயமாகச் சொல்வதென்றால் கிழக்குக் கரையில் ஹெல்ம்ஸ்டேல் துறைமுகம் நன்றாகவே வளர்ந்தது, ஹெர்ரிங் மீன் பல வருடம் சோறு போட்டது.

எஸ்டேட்டை ஆதரித்தவர்கள் சொல்லும் ஒரு வாதம் உண்டு: மாவட்ட மக்கள்தொகை குறையவே இல்லையே என்பார்கள். உண்மைதான், 1811 கணக்கெடுப்பில் 23,629 பேர், 1821இல் 23,840 பேர். ஆனால் அதே கணக்கில் கில்டோனன் வட்டாரத்தை மட்டும் தனியாக எடுங்கள், 1811இல் 1,574 பேர், 1831இல் 257. மாவட்டத்தின் மொத்தத்தைக் காட்டினால் உள்நாடு காலியானது கண்ணில் படாது. அந்தக் கில்டோனனில் 1813 தொடக்கத்திலேயே மக்கள் நில அளவையாளர்களை விரட்டினார்கள், படை வந்தது. அவர்களில் சிலரை செல்கர்க் பிரபு கனடாவின் செந்நதிக் குடியேற்றத்துக்கு அனுப்பிவைத்தார், கப்பலில் டைஃபஸ் காய்ச்சல், பனியில் நடைப்பயணம். வின்னிபெக்கில் இன்றும் கில்டோனன் என்று பகுதிகள் இருக்கின்றன.

இன்னொன்று. 1799 முதல் இந்த எஸ்டேட்டிலிருந்து ஆள் திரட்டி பிரிட்டிஷ் ராணுவத்தின் 93ஆம் படைப்பிரிவை அமைத்தார்கள், மகனைப் படைக்கு அனுப்பினால் குடும்பத்துக்கு நிலம் நிலைக்கும் என்ற நம்பிக்கையைக் கொடுத்து. 1815 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் போர்க்களத்தில் அந்தப் படைப்பிரிவில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். ஸ்ட்ராத்நேவரில் வீடுகளை இடித்து ஏழு மாதம்கூட ஆகவில்லை.

வழக்கில் விடுதலை கிடைத்த பிறகு வெளியேற்றம் நிற்கவில்லை, பெரிதானது. 1819 மே மாதம் லாக்கின் மேற்பார்வையில், புதிய காரியஸ்தர் பிரான்சிஸ் சுதர் கையால், ஸ்ட்ராத்நேவரின் மற்ற பகுதியும் கில்டோனனும் காலியாயின. மறுபடியும் மரச்சட்டங்களை எரித்தார்கள். ரோசலில் பிறந்த கல்கொத்தர் டொனால்ட் மக்லவுட், ஒரு இரவு மேட்டில் ஏறி நின்று எரியும் வீடுகளை எண்ணியதாகவும் 250 எண்ணியதாகவும் பிற்பாடு எழுதினார். இருபது வருடம் கழித்து எழுதியது, கோபத்தில் எழுதியது, எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வரலாற்றாசிரியர்கள் தயங்குகிறார்கள், நானும் தயங்குவேன். ஆனால் 1819இல் எரித்தார்கள் என்பதற்கு எஸ்டேட்டின் சொந்தக் கடிதங்களே சாட்சி, பத்திரிகையில் பேர் கெட்டதால் அடுத்த வருடம் எரிக்காமல் செய்யச் சொன்னார்கள்.

சட்டம் மாற எழுபது வருடம் ஆனது. 1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் ஊர்க்காரர்கள், முக்கியமாகப் பெண்கள், கிளாஸ்கோவிலிருந்து வந்த போலீஸைக் கல்லால் அடித்த பிறகுதான் அரசாங்கம் குடிகளின் நிலையை விசாரிக்க நேப்பியர் ஆணையத்தை அமைத்தது. 1886 சட்டம் சிறு மனைக் குத்தகைக்காரர்களுக்கு நிலைத்த குத்தகை உரிமை கொடுத்தது, பிள்ளைகளுக்கு விட்டுப்போகலாம், நியாய வாடகையை ஆணையம் முடிவு செய்யும். இருக்கிற மனையைக் காப்பாற்றியது அவ்வளவுதான், பறிபோன பள்ளத்தாக்கைத் திருப்பித் தரவில்லை.

அந்த நேப்பியர் ஆணையம் 1883 ஜூலையில் பெட்டிஹில்லுக்கு வந்தபோது ஆங்கஸ் மக்கை என்ற முதியவர் சாட்சி சொன்னார். ஸ்ட்ராத்நேவரை விட்டு விரட்டப்பட்டபோது அவருக்குப் பதினொரு வயது. தம்பிக்கு மூன்று. பெற்றோர் முன்னால் மாட்டை ஓட்டிப் போயிருந்தார்கள். செல்லர் வீடுகளை எரிக்கிறார் என்று கேட்டதும் பயத்தில் தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கிவிட்டார். தண்ணீர் மேலே ஏறியதும் தம்பி அழுது திமிற, இவர் விழுந்தார், குழந்தை கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை, இரண்டு பேரும் அழுதார்கள். தன் பிள்ளைகளோடு அந்த வழியே வந்த ஒரு ஏழைப் பெண் பார்த்து ஆற்றில் குதித்து இருவரையும் இழுத்துக் கரை சேர்த்தார்.